தோற்றுப்போன ஈக்கள் எங்கே?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இதுவரை ஒரு டிரவுட் மீனைக்கூடப் பிடித்ததில்லை. உயிரோடு பார்த்ததே ஒரே ஒரு தடவைதான், ஊட்டிக்குப் போனபோது அவலாஞ்சி மீன் பண்ணைத் தொட்டியில். சொந்த ஊர் கள்ளக்குறிச்சி பக்கம், காலையில் எழுந்தால் கல்வராயன் மலை தெரியும். அந்த மலை ஓடைகளில் டிரவுட் கிடையாது, இருக்கவும் முடியாது. டிரவுட்டுக்கு வருஷம் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 25 டிகிரியைத் தொட்டாலே அதற்கு உயிர் ஊசலாட ஆரம்பித்துவிடும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஓடையே இருக்காது, அப்புறம் எங்கே மீன்?

அப்படிப்பட்ட ஆள் டிரவுட் தூண்டில் புத்தகங்களை விமர்சிக்க வருவது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் இரண்டு வருஷமாக ராத்திரி பொட்டி தட்டி முடித்த பிறகு இந்தப் புத்தகங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய புத்தகங்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதைப் பற்றியதுதான் இந்தக் குறிப்பு.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. 'ஃப்ளை ஃபிஷிங்' என்பது புழு கோர்க்காமல், முள்ளில் இறகும் நூலும் முடியும் சுற்றி, பூச்சி மாதிரி ஒரு போலி ஈயைக் கட்டி மீனை ஏமாற்றும் தூண்டில். நம்ம தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் ஈக்கு எடையே இல்லை. நரம்புதான் கனம், சாட்டை மாதிரி நரம்பைச் சுழற்றி வீசினால் ஈ பின்னாடியே போய்ப் பூப்போல உட்காரும். எந்தப் பூச்சிக்கு எந்த இறகு, எந்த நிற நூல் என்பதற்கான செய்முறைக்குப் பெயர் 'பேட்டர்ன்'. 1496இல் அச்சான ஆங்கிலத் தூண்டில் நூலிலேயே 12 ஈக்களுக்கான செய்முறை இருக்கிறது. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 500 வருஷமாக மனிதர்கள் விடாமல் பரிசோதனை செய்துகொண்டிருக்கும் ஒரு துறை. என்னை இழுத்ததே அதுதான்.

ஒரு அருமையான முதல் அத்தியாயம்

ஆல்ஃப்ரெட் ரொனால்ட்ஸ் 1836இல் 'தி ஃப்ளை ஃபிஷர்ஸ் என்டமாலஜி' என்று ஒரு புத்தகம் போட்டார். தூண்டில்காரருக்கான பூச்சியியல். இந்தத் துறையில் முதல் அறிவியல் புத்தகம் என்று இதைத்தான் சொல்வார்கள். படங்களுக்குச் செப்புத் தகடு செதுக்கியதும் அவரே.

முதல் அத்தியாயத்தைப் படித்தபோது உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது. மனுஷன் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் பிளைத் என்ற ஆற்றின் கரையில், மீன்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு குடில் கட்டியிருக்கிறார். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் மீனுக்கு இவர் தெரியமாட்டார். மீனுக்குக் காது கேட்குமா? நண்பரை மறைவில் நிற்கவைத்துத் துப்பாக்கியால் சுடச் சொல்கிறார். மீன் அசையவில்லை. ருசி தெரியுமா? செத்த வீட்டு ஈக்களைக் குழாயில் வைத்து ஊதித் தண்ணீரில் விழச் செய்கிறார். மீன் தின்கிறது. அடுத்து மிளகாய்த்தூளும் கடுகும் பூசிய ஈக்கள். அதையும் தின்கிறது! தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் ஒளி எப்படி வளையும், கரையில் நிற்கும் ஆள் மீன் கண்ணுக்கு எங்கே தெரிவார் என்று படம் போட்டு விளக்குகிறார்.

கேள்வி, சோதனை, முடிவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறார். 1836இல்! எங்கள் ஆபீஸில் இன்றைக்கும் பாதிப் பேர் இப்படி டெஸ்ட் எழுதுவதில்லை.

அதற்கப்புறம்

அடுத்து வரும் அத்தியாயங்களுக்குப் போனால் புத்தகம் வேறு ஆளாக மாறிவிடுகிறது. மாதவாரியாகப் பூச்சிகள். நிஜப் பூச்சியின் படம், பக்கத்தில் அதன் போலி, கட்டும் முறை. படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அழகு. பூச்சிகளுக்கு முறையான அறிவியல் பெயர் கொடுத்ததற்காகவே ரொனால்ட்ஸுக்குக் கோயில் கட்டலாம். ஆனால் குடிலில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரைக் காணோம்.

பூச்சியை அப்படியே நகல் எடுத்த ஈ, ஏனோதானோவென்று கட்டிய ஈயைவிட அதிகம் மீன் பிடிக்கிறதா? முழுப் புத்தகமும் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. காது கேட்குமா என்று துப்பாக்கி வெடித்துப் பார்த்தவர், இதை மட்டும் சோதிக்காமல் எடுத்துக்கொள்கிறார். எத்தனை முறை வீசினார், எத்தனை முறை மீன் கண்டுகொள்ளவில்லை, எந்த ஈ தோற்றது என்ற கணக்கு இல்லை. வெற்றி பெற்ற ஈக்கள் மட்டும் வரிசையாக அணிவகுத்து நிற்கின்றன.

நான் படித்தவரை அவருக்குப் பின் வந்தவர்களும் இதையே செய்திருக்கிறார்கள். சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், சக்சஸ் மட்டும் பதிவாகிற லாக் ஃபைல். ஒரு சர்வரில் 50 ரிக்வெஸ்ட் வெற்றி என்று மட்டும் லாக் சொன்னால் அந்த சர்வர் நன்றாக இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்தம் வந்தது 52ஆ, 5,000மா? கீழே வகுக்கிற எண் தெரியாமல் மேலே இருக்கிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. 'இவை சமையல் குறிப்பு மாதிரியான புத்தகங்கள்யா. தோசை வார்க்கச் சொல்லிக்கொடுக்கிற புத்தகத்தில் பிய்ந்துபோன தோசைகளைப் பட்டியல் போடுவார்களா?' என்று கேட்கலாம். ஒத்துக்கொள்கிறேன், செய்முறையோடு நிறுத்தியிருந்தால். ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. 'பூச்சியை ஒத்திருப்பதால் மீன் எடுத்தது' என்று காரணமும் சொல்கிறார்கள். காரணம் சொல்ல வந்தால் தோற்றதையும் காட்டித்தான் ஆகவேண்டும்.

இரண்டு ஆங்கிலேயர்கள், ஒரு மோசமான ஈ

இந்த நம்பிக்கையின் உச்சம் ஃப்ரெடெரிக் ஹால்ஃபோர்ட். 1886இல் மிதக்கும் ஈக்கள் பற்றிப் புத்தகம் போட்டார். தண்ணீரின் மேலே மிதக்கும் ஈ, பூச்சியின் அச்சு அசல் நகல், அதுதான் உத்தமமான தூண்டில் என்பது அவர் கட்சி. 1910இல் தன் பட்டியலை 33 ஈக்களாகச் சுருக்கினார். தேறாததைக் கழித்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் கழிப்பதற்கான அளவுகோல், பூச்சியின் நிறத்தோடு இன்னும் எவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போகிறது என்பதுதான். எங்கள் கண்ணுக்கு ஒத்துப்போகிற நிறம்! சின்ன ரெயின்போ டிரவுட்டின் கண்ணில் புற ஊதா ஒளியைப் பார்க்கும் செல்கள் இருக்கின்றன, வளர வளர அவை மங்குகின்றன என்று பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். மேலே பார்க்கும் மீனுக்கு வெளி உலகம் முழுவதும் சுமார் 97 டிகிரி கோணத்தில் ஒரு வட்ட ஜன்னலுக்குள் அடங்கிவிடும். அந்த ஜன்னலுக்கு வெளியே தண்ணீரின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி அடியைத்தான் காட்டும். மிதக்கும் ஈயின் கால்கள் அந்தக் கண்ணாடியில் போடும் சின்னச் சின்னப் பள்ளங்கள்தான் மீனுக்கு முதலில் தெரியும். நாம் மேஜை விளக்கில் பார்த்து ரசிக்கிற ஈயும் மீன் பார்க்கிற ஈயும் ஒன்றல்ல. ஹால்ஃபோர்டுக்குப் புற ஊதா விஷயம் தெரிந்திருக்க நியாயமில்லை, அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒளி வளைவது ரொனால்ட்ஸ் காலத்திலேயே தெரியும்.

அதே 1910இல் ஜி. ஈ. எம். ஸ்கியூஸ் என்ற வக்கீல் 'மைனர் டாக்டிக்ஸ் ஆஃப் தி சாக் ஸ்ட்ரீம்' எழுதினார். எனக்கு இந்த வரிசையில் ரொம்பப் பிடித்த புத்தகம். காரணம், அது ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது. இட்சன் ஆற்றில் அவர் வீசிய மிதக்கும் ஈ சரியாகக் கட்டப்படாததால் முங்கிப்போகிறது. முங்கிய ஈயை மீன் கவ்வுகிறது. மற்றவராக இருந்தால் 'சே, ஈ சரியில்லை' என்று மாற்றியிருப்பார். இவர் நின்று யோசிக்கிறார். அப்படியானால் மீன் மேலே வந்த பூச்சியைத் தின்னவில்லை, தண்ணீருக்குள் நீந்தி ஏறிக்கொண்டிருக்கும் இளம் பூச்சியைத் தின்கிறது! அங்கிருந்துதான் 'நிம்ஃப்' தூண்டில் என்ற முறை வளர்ந்தது. பிறகு மீனின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று ஒரு நீளக் கரண்டியால் எடுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் அவர் பரப்பினார். ஆனாலும் மேல்தட்டு தூண்டில்காரர்கள் விடவில்லை. 1938இல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்கென்றே விவாதம் நடந்தது. கிட்டத்தட்ட 80 வயதில் ஸ்கியூஸ் அங்கே தன் பக்கத்தைச் சொல்லவேண்டியிருந்தது.

1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லெனார்ட் ஹாலடே கட்டிய 'ஆடம்ஸ்' ஈயையும் இங்கே சேர்க்கலாம். உலகத்தில் அதிகம் பயன்படும் ஈக்களில் ஒன்று. அது குறிப்பாக எந்தப் பூச்சியின் நகலும் இல்லை! சாம்பல் நிறத்தில் பொத்தாம்பொதுவாகப் பூச்சி மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

நீலகிரியில் தோல்வியும் கணக்கில் இருக்கிறது

இந்தப் புத்தகங்கள் வந்துகொண்டிருந்த அதே காலத்தில் நம்ம பக்கம் இன்னொரு பரிசோதனை நடந்தது. நீலகிரியில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஊர் ஞாபகம். ஓடை இருக்கிறது, குளிர் இருக்கிறது, டிரவுட் மட்டும் இல்லை. 1860களில் ஃப்ரான்சிஸ் டே, பிற்காலத்தில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர், டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். அப்புறம் நடந்த பல முயற்சிகளிலும் பிரவுன் டிரவுட் நிலைக்கவில்லை. கடைசியில் எச். சி. வில்சன் வந்து, 1907இல் அவலாஞ்சியில் பண்ணை அமைத்து, வட அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட ரெயின்போ டிரவுட்டை நிலைக்கவைத்தார். ரெயின்போ, பிரவுனைவிடக் கொஞ்சம் சூடு தாங்கும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, இந்தக் கதையை இன்றைக்கு யார் எழுதினாலும் டேயின் தோல்வியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எது பிழைக்கவில்லை என்று தெரிந்ததால்தான் எது பிழைக்கும் என்று தேட முடிந்தது. மீன் வளர்த்தவர்களிடம் இருந்த இந்த ஒழுங்கு, மீன் பிடித்து எழுதியவர்களிடம் இல்லாமல் போனது ஆச்சரியம்தான்.

நம் மாகாணத்திலேயே எழுதப்பட்ட எச். எஸ். தாமஸின் 'தி ராட் இன் இந்தியா'வும் (1873) இந்த வரிசையில் வரவேண்டியது. மெட்ராஸ் சிவில் சர்வீஸ்காரர், மங்களூர் பக்கம் கலெக்டராக இருந்தவர். நம் மஹ்சீர் மீனை இங்கிலாந்து சால்மனுக்கு மேலே தூக்கி வைத்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை. குஞ்சு மீனை அழிக்காதீர்கள் என்று அவர் போட்ட சத்தமும் நியாயமானதுதான். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 1897இல் வந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தில் நம் ஊர்க்காரர் பெரும்பாலும் மீனை அழிக்கிறவராகத்தான் வருகிறார், மீனை அறிந்தவராக வருவது குறைவு. இந்தக் குறை எனக்குப் புரிந்தது புத்தகத்தால் அல்ல, என் மாமாவால்.

கோமுகிக் கரையில் என் சோதனை

அம்மாவின் தம்பி. கச்சிராயபாளையம் பக்கம், மலையடிவாரத்தில் வீடு. மலையிலிருந்து இறங்கி கோமுகி ஆற்றில் சேருகிற ஓடை ஒன்று அவர் கொல்லை ஓரமாகப் போகிறது. எழுபது தாண்டிவிட்டது. இன்னமும் மூங்கில் கழியில் தங்கூசி கட்டி, மண்புழு கோர்த்துக் கெளுத்தியும் கெண்டையும் பிடிப்பார்.

புத்தகக்காரர்களைக் குறை சொல்கிறோமே, நாமே செய்து பார்ப்போம் என்று ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவான ஃப்ளை தூண்டில் ஒன்றை வாங்கினேன். ஓடையில் மேல்மட்டத்தில் துள்ளிப் பூச்சி பிடிக்கும் விரல் நீள வெள்ளி மீன்கள் நிறைய உண்டு. டிரவுட்டுக்கு அவைதான் எனக்கு மாற்று. நம்ம ஊர் 'மேஃப்ளை' எது? யோசிக்கவே வேண்டாம், ஈசல். முதல் மழை பெய்த சாயங்காலம் புற்றிலிருந்து கிளம்பித் தண்ணீர் மேல் கொட்டும். (சின்ன வயதில் மீனுக்குப் போட்டியாக நாங்களும் ஈசலை வறுத்துத் தின்றிருக்கிறோம்.)

இரண்டு ஈ கட்டினேன். முதலாவது, பழுப்பு நிறத் தையல் நூலில் உடம்பும் வெள்ளைச் சேவல் இறகில் நாலு இறக்கையும் வைத்த ஈசல். ஒன்று கட்ட முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாவது, கறுப்பு நூலைச் சுற்றி இரண்டு பிசிறு இறகு செருகியது. இரண்டு நிமிஷம். ஒவ்வொன்றையும் 40 தடவை வீசினேன். ஈசலை மீன் கொத்தியது 9 தடவை, கறுப்பு நூலை 4 தடவை. ஆஹா, ஹால்ஃபோர்ட் சொன்னதுதான் சரி என்று மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஏன் மாப்ள, கறுப்ப ஏன் நடு ஓடையிலயே போட்ட? அந்தப் புங்க மரத்து நெழல்ல போடவே இல்லியே?"

எனக்குத் தெரியவே இல்லை. முக்கால் மணி நேரம் உழைத்துக் கட்டிய ஈயை நல்ல இடம் பார்த்து வீசியிருக்கிறேன். சோதனைக்காகக் கட்டியதைக் கடனே என்று வீசியிருக்கிறேன். ரொனால்ட்ஸையும் ஹால்ஃபோர்டையும் எதற்காகத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அதே தப்பு. திட்டிக்கொண்டே செய்திருக்கிறேன்.

மறு வாரம் மகளைக் கூட்டிப்போனேன். எந்த ஈ என்பதை அவள் காசு சுண்டிச் சொல்வாள், எங்கே வீசுவது என்பதையும் அவளே கைகாட்டுவாள். மறுபடி தலா 40 வீச்சு. ஈசல் 6, கறுப்பு நூல் 7. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, எண்ணிக்கை ரொம்பச் சின்னது. ஆனால் முதல் வாரத்து வெற்றி எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. அது ஈயில் இல்லை, என் கையில் இருந்தது.

போகாதே பட்டியல்

கடைசியாக, நிஜ ஈசல் கொட்டிய ஒரு சாயங்காலத்துக்காகக் காத்திருந்தேன். மழை விட்டது, ஈசல் கிளம்பியது, ஓடை முழுக்க மீன் துள்ளியது. ஓடிப்போய் வீசினேன். ஒரு மீன்கூட என் ஈயைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஈசல் கொட்டறப்ப எவனாவது தூண்டி போடுவானா? ஊரெல்லாம் சும்மா சோறு போடறான், உன் கடைக்கு எவன் வருவான்? விடியக்காலைல வா."

விடியற்காலையில் போனேன். கிடைத்தது.

அதற்கப்புறம் அவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். எழுதும்போதுதான் கவனித்தேன், அவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி 'போகாதே' வகைதான். புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிற அன்றைக்குப் போகாதே. உன் நிழல் தண்ணீரில் விழுகிற பக்கம் நிற்காதே. ஒரே மடுவில் மூன்று மீனுக்கு மேல் எடுக்காதே, நாலாவது வராது. எருமை இறங்கின இடத்தில் மட்டும் அப்படிப் பார்க்காதே, கலங்கினாலும் அங்கே கெளுத்தி வரும். வெற்றிக் கதை ஒன்றுகூட அவர் தானாகச் சொன்னதில்லை. அறுபது வருஷத் தோல்விகளைச் சலித்து எடுத்த பட்டியல் அது. புத்தகங்களில் நான் தேடிக்கொண்டிருந்த அந்த 'கீழே வகுக்கிற எண்' இவர் தலைக்குள் இருந்திருக்கிறது.

இதை ரொமான்டிக்காக்க விரும்பவில்லை. மாமா சொல்வது எல்லாம் சரியென்று எப்படிச் சொல்வது? மூன்று மீன் கணக்கு எனக்குச் சந்தேகம்தான். அதையும் காசு சுண்டித்தான் பார்க்கவேண்டும். ஆனால் இட்சன் ஆற்றின் ஒரு வளைவுக்கு ஒரு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. கல்வராயன் ஓடைகளுக்கு இருப்பது இந்த மாதிரி நாலைந்து கிழவர்களின் தலை. மாமாவுக்கு இந்த வருஷம் கண் புரை ஆபரேஷன் ஆனது. முள்ளில் தங்கூசி கோர்க்க இப்போது என் மகளைக் கூப்பிடுகிறார்.

ரொனால்ட்ஸின் முதல் அத்தியாயத்தை அவசியம் படியுங்கள், மீன் பிடிக்காதவர்களும் படிக்கலாம். ஸ்கியூஸை முழுசாகப் படியுங்கள். மற்றவற்றைப் படங்களுக்காகப் புரட்டினால் போதும் என்பது என் முடிவு.

மாமாவின் பட்டியலை ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் போட்டுக்கொண்டு வருகிறேன். தேதி, தண்ணீரின் நிறம், வெயில், வீச்சு எத்தனை, கொத்தியது எத்தனை. கொத்தாத நாளுக்கும் ஒரு வரி உண்டு. இதுவரை 31 வரி, அதில் 19 நாள் பூஜ்யம். உங்கள் ஊர் ஓடையில் எப்போது மீன் பிடிக்கப் போகக் கூடாது என்று உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள். எப்போது போகவேண்டும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.